இரண்டு கிணறும் ஒரே ஊற்று: ஒரு வெங்காய வணிகரின் வறட்சிக் கணக்கு

இந்த ஆய்வில் வரும் மளிகைக் கடை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இருக்கிறது. உரிமையாளரும் அவருடைய மகளும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் அவர்களுக்குச் சரக்கு அனுப்பிய இரண்டு முகவர்களின் பெயரும் இங்கே இல்லை. நான் நீர்வளத் தரவுகளோடு பல ஆண்டு வேலை பார்த்தவன், அந்தக் கடையின் வாடிக்கையாளன். இரண்டு ஊரிலிருந்து வந்த சின்ன வெங்காயமும் ஏன் ஒரே நேரத்தில் வறட்சியில் குறைந்தது என்று 2017 தொடக்கத்தில் அவர்கள் கேட்டதால் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். முதல் தடவை தவறாகப் பார்த்தேன். அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இந்தக் கடையிலோ இறக்குமதி இல்லாத பொருளே கிடையாது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் திருச்சியிலிருந்து விமானத்தில் வரும். அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கப்பல். சின்ன வெங்காயத்தில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாங்க வருகிறவர்தான் புளியையும் வத்தலையும் சேர்த்து எடுத்துப் போகிறார். "சின்ன வெங்காயம் இல்லைன்னு ஒரு வாரம் சொன்னா, மறுவாரம் ஆள் அடுத்த கடையில நிப்பாரு" என்பார் உரிமையாளர்.

2015 வரை அவருக்கு ஒரே முகவர்தான். திருப்பூர் மாவட்டம் தாராபுரம் பக்கத்தவர். அங்கே வெங்காயத்துக்கு இரண்டு நடவுப் பட்டம் முக்கியம்: வைகாசியை ஒட்டி ஒன்று, புரட்டாசி ஐப்பசியில் ஒன்று. அறுவடை செய்ததைக் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு வைத்தால் சில மாதம் தாங்கும். அப்படிப் பட்டறையில் இருந்த வெங்காயம்தான் தூத்துக்குடி வழியாக இங்கே வந்துகொண்டிருந்தது.

2015 வடகிழக்குப் பருவமழை சென்னையை மூழ்கடித்த கதை எல்லோருக்கும் தெரியும். மேற்கு மாவட்டங்களிலும் வயலில் தண்ணீர் நின்றது. அந்த டிசம்பரில் வந்த கன்டெய்னரின் கதவைத் திறந்தபோது நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். முதலில் வந்தது வாடைதான். மேலே அடுக்கியிருந்த வலைப்பைகள் பார்க்கச் சிவப்பாக, நன்றாகவே இருந்தன. இரண்டு வரிசை இறக்கியதும் அடியிலிருந்த பைகளில் கை வைத்தால் விரல் உள்ளே போனது. வெங்காயத்தின் கழுத்து காயாமல் கட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குண்டலுப்பேட்டையில் இரண்டாவது முகவர் ஒருவரைப் பிடித்தார். கர்நாடகத்தின் தென்கோடி, பந்திப்பூர்க் காட்டை ஒட்டிய ஊர். அங்கே விளையும் சின்ன வெங்காயம் கோயம்புத்தூர்ச் சந்தைக்கே வருவதுண்டு. வேறு மாநிலம், வேறு அரசு, வேறு மண்டி. "ரெண்டு கிணறு இருந்தா ஒண்ணாவது ஊறும் தம்பி" என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. தாராபுரத்து அமராவதியும் காவிரியில்தான் சேர்கிறது, குண்டலுப்பேட்டையின் குண்டல் ஆறும் கபினி வழியாகக் காவிரிக்குத்தான் போகிறது என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

2016 ஜூன் முதல் செப்டம்பர் வரை: கேட்டும் கேளாத சேதி

அவருடைய மகள் கணக்காளர். முகவர்களோடு பேசும் ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சையும் ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. விலைத் தகராறு வந்தால் காட்டுவதற்காகத் தொடங்கிய நோட்டு அது. பிற்பாடு எனக்கு வானிலை வரைபடங்களைவிட அதிகம் பயன்பட்டது அந்த நோட்டுதான்.

ஜூலை 2016-ல் தாராபுரம் முகவர் சொன்னதாக ஒரு வரி: "மேக்காத்து வெறுங்காத்தா அடிக்குதுங்க, சாரலே காணோமுங்க." ஆகஸ்ட்டில் இன்னொன்று: "அணைக்கு வரத்து கம்மிங்க, கெணத்த நம்பித்தான் நட்டிருக்கோம்." மேல்காற்று என்று கொங்கு நாட்டு விவசாயி சொல்வது தென்மேற்குப் பருவக்காற்றை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது தாராபுரம் வரை வீசும். பெரிய மழை தராது, ஈரம் தரும். அந்த ஆண்டு கேரளத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்த மழை இயல்பைவிட 34 விழுக்காடு குறைவு.

இதை ஏன் யாரும் பொருட்படுத்தவில்லை? சரக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். வைகாசிப் பட்டத்து வெங்காயம் பட்டறையில் இருந்தது. கிணற்றில் பழைய ஆண்டின் தண்ணீர் இருந்தது. 2015-ன் மிகைமழை 2016-ன் குறையை ஆறு மாதத்துக்கு மூடி மறைத்துவிட்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். மழை பொய்த்த நாளிலேயே கடையில் வெங்காயம் குறைந்துவிடாது. மண், கிணறு, பட்டறை என்று மூன்று படி இறங்கி, பிறகு கடல் தாண்டித்தான் அது கடைக்கு வரும்.

2016 அக்டோபர் முதல் 2017 ஜனவரி வரை: இரண்டும் வற்றின

வடகிழக்குப் பருவமழை அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் இந்திய வானிலைத் துறை அதைப் பெரும் பற்றாக்குறை என்று வகைப்படுத்துகிறது. தென் கர்நாடகத்திலும் அதே பருவம் ஏமாற்றியது.

இடையில் இன்னொன்று வந்து எல்லாவற்றையும் குழப்பியது. நவம்பர் 8 இரவு இந்தியாவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டது. மண்டியில் ரொக்கம் இல்லை. அறுவடைக்கு ஆள் கூலி கொடுக்க முடியவில்லை. லாரி வாடகை நின்றது. இரண்டு முகவர்களும் ஒரே வாரத்தில் "சரக்கு அனுப்பச் சிரமம்" என்று சொன்னபோது உரிமையாளர் அதை முழுக்கப் பணப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் சரியாகிவிடும், காத்திருப்போம் என்று முடிவு செய்தார். அந்த நேரத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது அவருக்கு ஒரு நம்பிக்கையும் வந்தது. அந்த மழை சென்னையோடு சரி. தாராபுரத்துக்கு ஒன்றும் எட்டவில்லை.

காத்திருந்த ஐந்தாறு வாரம்தான் இந்த நிகழ்வில் அதிக விலை கொடுத்த முடிவு. அந்த வாரங்களில் வேறு நாட்டுச் சரக்குக்குப் பேசியிருந்தால் பொங்கலுக்கு வந்திருக்கும்.

2017 ஜனவரி 10-ல் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக மாநில அரசு அறிவித்தது. பொங்கலுக்குப் பிந்தைய சரக்கில் வெங்காயம் பொடியாக இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளினால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மேல் ஒன்றும் கிடையாது, தோல் மட்டும் மொடமொடவென்று உரிந்து தரையில் பறந்தது. குண்டலுப்பேட்டையிலிருந்து வந்ததும் அப்படியே. பிப்ரவரியில் அங்கிருந்து வந்த பேச்சை மகள் நோட்டில் எழுதியிருந்தார்: "போர் வற்றிவிட்டது. அடுத்த நடவு இல்லை."

முதல் ஆய்வும் அதில் நான் செய்த தவறும்

"ரெண்டு கிணறும் ஒண்ணா வத்துமா தம்பி? 150 கிலோமீட்டர் இடைவெளி இருக்கே" என்று கேட்டார் உரிமையாளர். அந்தக் கேள்வியோடுதான் நான் உள்ளே வந்தேன்.

வறட்சி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காற்று வழியாகப் பரவக்கூடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அதன் இயக்கத்தை அவருக்கு இப்படிச் சொன்னேன். நிலத்தில் விழும் வெயிலுக்கு இரண்டு செலவு: ஒன்று தண்ணீரை ஆவியாக்குவது, மற்றது மண்ணையும் காற்றையும் சூடாக்குவது. மண்ணில் ஈரம் இருந்தால் முதல் செலவே பெரிது. இலைகளும் வேரிலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக விடுகின்றன. மண் காய்ந்தால் வெயில் முழுவதும் சூடாக்கவே போகிறது. அந்தக் காற்றில் நீராவி குறைவு, சூடு அதிகம், மேகம் கட்ட வேண்டிய உயரமும் கூடிவிடுகிறது. அதே காற்று அடுத்த ஊருக்குப் போகும்போது வழக்கமாகக் கொண்டுபோகும் ஈரத்தைக் கொண்டுபோவதில்லை. அங்கே மழை குறைந்தால் அந்த மண்ணும் காய்கிறது. பிறகு அதற்கடுத்த ஊர்.

உலக அளவில் நிலத்தின் மேல் பெய்யும் மழையில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலத்திலிருந்தே ஆவியாகி எழுந்தது என்று 2010-ல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் படுகையின் நீர்வளத்தில் சுமார் 70 விழுக்காடு அமேசான் காட்டிலிருந்து காற்றில் போய்ச் சேர்வது என்றும் அதே கணக்கு காட்டுகிறது. நம் பக்கத்துக்கு வந்தால், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் நீராவி தமிழ்நாட்டின் தென்மேற்குப் பருவமழையில் கணிசமான பங்கு என்று மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அது வெளிவந்தது 2018-ல். நான் அவரிடம் பேசியபோது கையில் இல்லை.

தாராபுரம் முகவர் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அட, தலைமடை கடைமடை கணக்குத்தானுங்க" என்றார். மேல்வயல்காரன் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடை காய்வதுபோல. நான் பத்து நிமிடம் பேசியதை அவர் இரண்டு சொல்லில் முடித்தார். அதிலிருந்து நாங்கள் மூவரும் அந்தச் சொற்களையே பயன்படுத்தினோம்.

தவறு எங்கே நடந்தது என்றால், நான் மழைக்குறை வரைபடங்கள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். தென் கர்நாடகம் சிவப்பு. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களும் சிவப்பு. "குண்டலுப்பேட்டை தலைமடை, தாராபுரம் கடைமடை; அங்கே தொடங்கியது இங்கே பரவியிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். காற்று எந்தத் திசையில் அடித்தது என்று பார்க்கவே இல்லை. வண்ணப் படத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. ஒட்டியிருக்கும் இரண்டு சிவப்பைப் பார்த்தால் ஒன்று மற்றதற்குள் வழிந்த மாதிரியே இருக்கும்.

மறு ஆய்வு: காற்றின் வழியைப் பார்த்தபோது

உரிமையாளரின் மகள்தான் தடுத்தார். "அங்கிள், 2014-ல அப்பா இதே மாதிரி ஒண்ணு சொன்னாங்க, நீங்கதான் தப்புன்னு சொன்னீங்க" என்றார். உண்மை.

2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை சிங்கப்பூரில் மழை இல்லை. அந்த பிப்ரவரி இங்கே 1869-லிருந்து பதிவான மாதங்களிலேயே மிக வறண்டது. அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் புல்வெளிகள் வைக்கோல் நிறத்துக்கு மாறின. அதே வாரங்களில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய மாநிலமான ஜொகூரிலும் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அப்போது உரிமையாளர், "ஜொகூர்ல காஞ்சது பாலம் தாண்டி இங்க வந்துருச்சு" என்றார். நான் மறுத்தேன். ஜனவரி பிப்ரவரியில் நமக்குக் காற்று வருவது வடகிழக்கில், தென்சீனக் கடலிலிருந்து. நடுவில் ஜொகூரின் ஒரு சிறு நிலத்துண்டுதான் இருக்கிறது. அதன் மண் காய்ந்ததால் நம் மழை நின்றுவிடாது. கடலின் மேலிருந்தே வறண்ட, மேலெழாத காற்று இரண்டு ஊரையும் சேர்த்து மூடியது. ஒரே போர்வை, கீழே இரண்டு பேர். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது அல்ல.

அன்று அவரிடம் கேட்ட கேள்விகளை இப்போது என்னையே கேட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் நடத்தும் ஹைஸ்பிளிட் என்ற மாதிரி இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். ஓர் ஊரையும் தேதியையும் கொடுத்தால் அங்கே வந்த காற்று முந்தைய நாட்களில் எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிக் கோடு போட்டுத் தரும். 2016-ன் பல தேதிகளுக்கு இரண்டு ஊருக்கும் போட்டுப் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்ட்டில் குண்டலுப்பேட்டைக்கு வந்த கோடுகள் அரபிக் கடலிலிருந்து வயநாடு வழியாக வந்தன. தாராபுரத்துக் கோடுகள் பாலக்காட்டுக் கணவாய், ஆனைமலைப் பக்கம் வந்தன. ஒன்று மற்றதன் மேல் போகவே இல்லை. நவம்பரில் காற்று திசை மாறி வங்கக் கடலிலிருந்து வந்தது. தாராபுரத்துக்கு வந்தது தமிழ்நாட்டின் நடு மாவட்டங்களைத் தாண்டி, குண்டலுப்பேட்டைக்கு வந்தது வட மாவட்டங்களைத் தாண்டி. அப்போதும் ஒன்றையொன்று தொடவில்லை. குண்டலுப்பேட்டை தாராபுரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. தென்மேற்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ அடிக்கும் காற்று அந்த இரண்டு ஊரையும் இணைக்கும் கோட்டைக் குறுக்காகத்தான் வெட்டும். பள்ளிக்கூட நிலப்படத்தில் ஒரு அளவுகோல் வைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஆக, நான் சொன்ன பரவல் நடக்கவில்லை. ஆனால் இன்னொன்று தெரிந்தது. தென்மேற்குப் பருவத்தில் இரண்டு ஊருக்கும் தலைமடை ஒன்றே: கேரளமும் மலைத்தொடரின் காடும். வாய்க்கால் ஒன்று, மடைகள் இரண்டு. தலைமடையில் 34 விழுக்காடு குறைந்ததுதான் ஜூலையில் "வெறுங்காத்து" என்று முகவர் சொன்னதற்குப் பொருள். அங்கிருந்து கீழே பரவல் என்ற சொல் ஓரளவு பொருந்தும்.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்று போன வழி வேறு, அதில் ஈரம் ஏறிய இடம் வேறு. கோடு காட்டின் மேல் போவதால் மட்டும் ஈரம் காட்டிலிருந்து ஏறியது என்று ஆகாது. வழிநெடுக எங்கே ஆவியாதல் மழையைவிட அதிகம் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். பருவமழையின் உச்சத்தில் ஈரத்தின் பெரும்பங்கு கடலுடையதுதான். கடல் தருவது குறையும் நாட்களில் காட்டின் பங்கு எடுபடும். வடகிழக்குப் பருவத்திலோ வங்கக் கடலே முதன்மை. 2016-ல் இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரம் சூடாகவும் மேற்குப் பக்கம் குளிர்ந்தும் இருந்தது. வானிலையாளர்கள் இதை எதிர்மறை இருமுனை என்பார்கள். ஈரமும் மேகமும் சுமத்ரா, ஜாவா பக்கம் குவிந்தன. அந்த 62 விழுக்காட்டுக் குறையை மலைக்காட்டின் மேல் போட முடியாது.

என் திருத்திய முடிவு இதுதான்: முதல் பாதிக் குறையில் காற்றுவழிப் பரவலுக்கு ஒரு பங்கு உண்டு, இரண்டாம் பாதிக் குறை கடலும் வானும் சேர்ந்து இரண்டு ஊருக்கும் ஒரே நேரத்தில் செய்தது. வணிகருக்கு விளைவு ஒன்றே என்றாலும், அடுத்து என்ன செய்வது என்பது எது எது என்று பிரிப்பதில்தான் இருந்தது. பரவலாக இருந்தால் முன்கூட்டிய எச்சரிக்கை கிடைக்கும்: தலைமடை காய்வதை ஜூலையிலேயே பார்க்கலாம். பொதுக் காரணமாக இருந்தால் எச்சரிக்கை கிடையாது. வேறு வாய்க்காலில் இன்னொரு மடை வேண்டும்.

இந்தோனேசியத் தீயிலிருந்து காற்றில் வரும் புகைமூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டபோது எங்கிருந்து வருகிறது என்று சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்று கொண்டுவருவது கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. காற்று கொண்டுவராமல் விட்டதை யார் பார்ப்பது?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மார்ச் 2017-ல் கடையின் பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினோம். குண்டலுப்பேட்டை முகவரை விட்டுவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்று மகள் சொன்னார். மிகைமழை, லாரி வேலைநிறுத்தம், மண்டித் தகராறு இவற்றுக்கு அவர் இன்னும் பயன்படுவார், வறட்சிக்கு மட்டும் அவரை இரண்டாவது கிணறு என்று எண்ணக் கூடாது என்றார். சரியான பிரிப்பு. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வறட்சிக்கான மாற்று ஜாவா. மத்திய ஜாவாவின் பிரெபெஸ் வட்டாரம் இந்தோனேசியாவின் வெங்காயக் களஞ்சியம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் அந்த வெங்காயம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. புதிய முகவரைத் தேட வேண்டியதில்லை, மொத்த வியாபாரி ஒருவரிடம் வாரத்துக்குக் கொஞ்சம் என்று பேசி வைத்தால் போதும். இதை நான் ஆதரித்ததற்குக் காரணம் தூரம் அல்ல. இந்தியப் பெருங்கடல் இருமுனை ஒரு பக்கம் சாய்ந்தால் ஜாவாவில் ஈரம், மறுபக்கம் சாய்ந்தால் அங்கே வறட்சி. தென்னிந்தியாவும் ஜாவாவும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் சாய்வது குறைவு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இது அவ்வளவு நம்பகமில்லை என்பதையும் சொன்னேன்.

உரிமையாளருக்கு ஜாவா வெங்காயத்தில் மனம் ஒப்பவில்லை. "நம்ம ஆளுங்க மூந்து பாத்தே வச்சிட்டுப் போயிருவாங்க" என்றார். பாதி உண்மையாயிற்று.

மூன்றாவது, மேல்காற்று நோட்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தின் வாராந்திர மழை நிலவரத்தை மகள் குறித்துக்கொள்வது. செப்டம்பர் கடைசியில் குறை 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், வைகாசிப் பட்டத்து வெங்காயத்தைப் பட்டறையிலேயே நிறுத்திவைக்க முகவருக்கு முன்பணம் கொடுப்பது. சிங்கப்பூரில் வாங்கிச் சேமிக்க முடியாது. நம் காற்றின் ஈரத்தில் வெங்காயம் சீக்கிரமே முளைவிடும். தாராபுரத்துக் காற்றிலேதான் அது காய்ந்து கிடக்கும்.

தொடர்ந்து நடந்தவை

2017 நடுவில் சின்ன வெங்காயம் தமிழ்நாட்டிலேயே கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஜாவா சரக்கு கடையைக் காலியாக விடாமல் காத்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். சாம்பாருக்கு ஆகாது என்று ஒரு அம்மா திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மலாய்க்கார, சீனக் குடும்பங்கள் புதிதாக வாங்க வந்தன. அதை யாரும் திட்டமிடவில்லை.

2018-ல் நோட்டுக்கு வேலை இல்லை. கேரளத்தில் ஆகஸ்ட்டில் வெள்ளம். மேட்டூர் அணை ஜூலையிலேயே 120 அடியைத் தொட்டது. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவம் தமிழ்நாட்டில் குறைந்து, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. தாராபுரம் பக்கம் அந்த அளவுக்குச் சிரமம் இல்லை. சென்னையின் தலைமடை வங்கக் கடல், தாராபுரத்துக்கு மலையும் உண்டு. எங்கள் பிரிப்பு இந்த ஒரு முறை நேராகப் பொருந்தியது.

2019 வேறு விதம். இருமுனை மறுபக்கம் பலமாகச் சாய்ந்தது. இந்தோனேசியா காய்ந்தது, செப்டம்பரில் நமக்குப் புகைமூட்டம் வந்தது. ஜாவா வெங்காயம் தட்டுப்படும் என்று பயந்தோம். பாசனம் இருந்த வயல்களில் வெயில் வெங்காயத்துக்கு நல்லதாகவே அமைந்தது போலும், எங்களுக்குச் சரக்கு நிற்கவில்லை. நின்றது இந்தியச் சரக்கு: செப்டம்பர் 29-ல் எல்லா வகை வெங்காய ஏற்றுமதிக்கும் இந்தியா தடை போட்டது. அந்தத் தடையின் போது கடையைக் காத்தது ஜாவாதான். உரிமையாளர் அதற்கு எனக்கு நன்றி சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. வறட்சிக்கு என்று சொல்லி வைத்த மாற்று அரசாணைக்குப் பயன்பட்டிருக்கிறது. கணித்தது ஒன்று, காத்தது இன்னொன்று. இதை என் வெற்றிப் பட்டியலில் சேர்ப்பது நேர்மையாகாது.

2022-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் துணையாளர்களும் அண்மைக் காலத்தின் 40 பெரிய வறட்சிகளை ஆராய்ந்து, வறண்ட நிலப்பகுதிகளில்தான் வறட்சி தன்னைத்தானே காற்று வழியில் நீட்டிக்கொள்ளும் தன்மை அதிகம் என்று எழுதினார்கள். மலைமறைவில் கிடக்கும் கொங்கு நாட்டுக்கும் தென் கர்நாடகத்துக்கும் அது பொருந்துமா என்று மகள் கேட்டார். அரைவறள் நிலம்தான், பக்கத்திலேயே கடலும் இருக்கிறது, அமெரிக்க நடுநிலத்துக்குப் பொருந்துவதுபோல அப்படியே பொருந்தாது என்றேன்.

பிறகு 2023. கேரளத்தின் ஜூன் செப்டம்பர் குறை மறுபடியும் 34 விழுக்காடு. 2016-ன் அதே எண். இந்தியா முழுவதற்கும் அந்த ஆகஸ்ட் 1901-லிருந்து பதிவானவற்றில் மிக வறண்ட ஆகஸ்ட். மகள் நோட்டைத் திறந்து காட்டினார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேசி வைத்தபடி முன்பணம் போயிற்று, பட்டறை நிறுத்திவைக்கப்பட்டது, ஜாவா பங்கு கூட்டப்பட்டது. அக்டோபருக்குப் பிறகு வங்கக் கடல் கைவிடவில்லை. டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வறட்சிக்கென்று நிறுத்திவைத்த பட்டறையில் ஒரு பங்கு முளைத்துப் போனது. நட்டத்தைக் கடை ஏற்றுக்கொண்டது.

எதை மாற்றுவேன்

முதலாவது, விதியே பாதிதான் சரி. கேரளத்தின் குறை தலைமடையை மட்டும் சொல்கிறது. அக்டோபருக்குப் பிறகு காற்று திரும்பிவிடும், அப்போது தலைமடையே மாறிவிடும். செப்டம்பர் கடைசியில் ஒரே தடவையாக முன்பணம் முழுவதும் கொடுத்திருக்கக் கூடாது. பாதியை அப்போது, மீதியை நவம்பர் நடுவில் கடல் நிலவரத்தைப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும். 2024-லிருந்து அப்படித்தான் செய்கிறார்கள்.

மழைக்குறையை மட்டும் எழுதி, கிணற்று மட்டத்தை எழுதாமல் விட்டதும் ஒரு குறை. 2016-ல் வறட்சி எங்களை எட்ட ஆறு மாதம் எடுத்ததற்குக் காரணம் கிணறு. 2023-ல் கிணறு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

வண்ண வரைபடத்தை வணிகரிடம் காட்டுவதை நிறுத்திவிட்டேன். காற்றின் அம்பு இல்லாத படம் எதையும் இப்போது காட்டுவதில்லை.

மலைக்காடு குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பது இந்தக் கடையின் கணக்குக்குள் அடங்காத கேள்வி. தாராபுரம் முகவர் அதைத்தான் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறார். அவர் பேரன் வெங்காயம் நடப்பானா என்பது அவருக்கு அதில் இருக்கிறது.

சென்ற ஆனியில் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். உரிமையாளர் விலையைக் கேட்கும் முன், மகள் நோட்டைப் பிரித்து, "மேல்காத்து எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஆள் வெளியே நடந்துபோகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"வருதுங்க," என்றார். "மூஞ்சில ஈரம் படுதுங்க. கெணறு இருபது அடியில நிக்குது, அதையும் எழுதிக்கோங்க."